ராத்தாட மதில்

இதை எழுதுறதா விடுறதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். ராத்தா வாசிப்பாள் என்பதுதான் காரணம். வாசித்தால் வாசிக்கட்டும்.

விஷயம் ஒரு அசைன்மென்டில் தொடங்கியது. நான் ஒலுவில் கெம்பஸில், கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். ஊர் பாலமுனை. வீட்டிலிருந்து சைக்கிளில் வகுப்புக்குப் போய்வருகிற மிகச் சில பெண்களில் நானும் ஒருத்தி. போன செமஸ்டரில் எங்களுக்கு வந்த தலைப்பு: 'உங்களுக்குத் தெரிந்த ஒரு பிராந்தியத்துக்கான பல்பயன் பாதை வலையமைப்பைத் திட்டமிடுக.' பல்பயன் பாதை என்றதும் பின்வாங்கில் இருந்து ஒருவன், "பல்லுக்கும் பயன்படுமா சேர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்தார். பிறகு விளக்கினார். கார், பஸ், லொறி வராத வழி. நடக்கிறவர், சைக்கிளில் போகிறவர், சக்கர நாற்காலியில் போகிறவர், சில இடங்களில் குதிரையில் போகிறவர்கூட ஒரே தடத்தைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். இப்படியான தடங்களை ஒன்றோடொன்று கோர்த்து, ஊருக்கு ஊர் அறுபடாமல் போக விட்டால் அது வலையமைப்பு.

இலங்கையில் உதாரணம் தேடினால் முதலில் வருவது பீக்கோ ட்ரெயில். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். யோசனை மிகேல் குனாட் என்ற ஸ்பானியருடையது. ஐரோப்பிய ஒன்றியமும் யூஎஸ்எயிட்டும் காசு கொடுத்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் பெரும்பாலும் புதுப்பாதை வெட்டவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டுபோகப் போட்ட தோட்டத்துப் பாதைகளைத் தேடிப்பிடித்து, காடு மூடிய இடங்களைத் துப்புரவாக்கி, சந்திகளில் அடையாளக் கம்பம் நட்டு, ஒன்றோடொன்று இணைத்தார்கள்.

இதை ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து ஹொஸ்டலில் இருக்கிற என் பெட்ச் சிநேகிதியிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே, "எங்க அப்பாயி கொழுந்துக் கூடைய சுமந்துகிட்டு நடந்த ரோடு அது. வெள்ளைக்காரங்க பேக்கைப் போட்டுகிட்டு நடந்தா ட்ரெயில்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கம்பம் நட்டபிறகு லயத்துப் பிள்ளைகளுக்கு இளநீர், ரொட்டி விற்கிற சின்ன வருமானம் வந்திருக்கிறது என்பதையும் அவளே சொன்னாள். ஆனால் அந்த முதல் வசனம் எனக்குள் மாட்டிக்கொண்டது. பாதையை யார் போட்டார்கள் என்று கேட்பதற்கு முன்னால், யார் நடந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அதனால் மூத்தம்மாவிடம் போனேன். அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், ஞாபகம் மங்கவில்லை. சின்ன வயதில் உம்மாவோடு கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்துக்கு நடந்தே போனாவாம். சுபஹுக்கு முன்னாலேயே வெளிக்கிட்டு, கடல் ஓரமாக, ஈர மணலில்.

"செருப்பெல்லாம் எங்க புள்ள? ஈர மணல்ல நடந்தா கால் நோவாது. களியோடை முகத்துவாரம் மூடிக் கெடந்தா அப்படியே போற. தொறந்து கெடந்தா தோணிக்காரன் ஏத்தி உடுவான். நிந்தவூர்ல சொந்தக்காரர்ர ஊட்டுல பழஞ்சோறு. அதுக்குப் புறகு காரைதீவு, சாய்ந்தமருது. வழியெல்லாம் சனம்தான்."

அந்தக் கடற்கரை வழி இப்போது இல்லை. ஒலுவிலில் துறைமுகம் 2013 இல் திறந்தது. அதன் கல்லணைகளும் வேலியும் கரையைக் குறுக்கே வெட்டிவிட்டன. அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே போகிறது. மூத்தம்மா சொன்ன ஈர மணலில் பாதி, தண்ணீருக்குள் இருக்கிறது. என் வரைபடத்தில் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போட்டேன்.

இரண்டாவது கோடு கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்கள் கல்முனை, காரைதீவு, நிந்தவூர் தாண்டி எங்கள் ஊர் றோட்டால்தான் அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று போகிறார்கள். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடு. அந்தக் காட்டுவழியை வருஷத்துக்கு ஒருமுறை, கொஞ்ச நாளைக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள். அவர்கள் வருகிற நாளில் மூத்தம்மா வாசலில் ஒரு குடம் தண்ணியும் சில்வர் பேணியும் வைப்பா. காவி கட்டின ஒரு அம்மா ஒருமுறை எங்கள் மாமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, மூத்தம்மாவோடு முழங்கால் வருத்தத்தைப் பற்றி அரைமணித்தியாலம் கதைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிழக்குக் கரையை வடக்கிலிருந்து தெற்கு வரை கோர்க்கிற ஒரு கால்நடைத் தடம் ஏற்கனவே இருக்கிறது. அதைத் திட்டமிட எந்தத் திணைக்களமும் கூட்டம் போடவில்லை. ஆனால் அது எங்கள் பகுதியில் ஏ4 நெடுஞ்சாலையின் ஓரத்தால் போகிறது. லொறி உரசுகிற தூரத்தில்.

அந்த நெடுஞ்சாலைதான் என்னுடைய தினசரிப் பாதையும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றிவந்து மட்டக்களப்பில் முடிகிற றோட்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஊர்கள் எல்லாம் அதில் மணிகோர்த்த மாதிரி இருக்கின்றன. ஸ்கூல், பள்ளி, சந்தை, ஆசுபத்திரி, கல்யாண மண்டபம் எல்லாம் அதிலேதான். பிட்டு வாங்கக் கடைக்குப் போகிற பிள்ளையும் கொழும்பு பஸ்ஸும் ஒரே தாரில். பின்னால் ஹோன் அடித்தால் நான் மண்ணுக்கு இறங்கிவிடுவேன். இறங்குகிற இடத்தில் சிலவேளை கான் இருக்கும்.

ஆக என் திட்டம் இதுதான்: நெடுஞ்சாலைக்குச் சமாந்தரமாக, உள்ளே, வட்டை ஓரமாக ஒரு வழி. வட்டை என்றால் வயல்வெளி. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு இங்கினியாகலைத் தண்ணீர் இந்தப் பக்கத்து வயல்களுக்கும் வந்தது. வாய்க்கால் இருக்கிற இடத்தில் கட்டு இருக்கும், கட்டு இருக்கிற இடத்தில் தடம் இருக்கும். அட்டாளைச்சேனையிலிருந்து நிந்தவூர் வரை, அங்கிருந்து சம்மாந்துறைக்கு ஒரு கிளை, மேற்கே தீகவாபிக்கு ஒரு கிளை. சந்திக்குச் சந்தி இலக்கம் போட்ட கம்பம். இந்த இலக்கம் போடுகிற யோசனை பெல்ஜியத்துடையது. ஹியூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியியலாளர் 1995 இல் லிம்பர்க் பகுதிச் சைக்கிள் பாதைகளுக்காகச் செய்தது. நிலத்துக்குக் கீழே சுரங்கச் சந்திகளுக்கு இலக்கம் இருந்தால் ஆள் தொலையமாட்டான் என்பதை மேலே கொண்டுவந்தார். 12 க்குப் போய், 15 க்குத் திரும்பி, 21 இல் இறங்கு என்று கையில் எழுதிக்கொண்டு போகலாம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரவிரவாக உட்கார்ந்து 34 சந்திகளுக்கு இலக்கம் போட்டேன்.

வரைபடத்தை வாப்பாவுக்குக் காட்டினேன். வாப்பா விவசாயி. கண்ணாடியைப் போட்டு ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"நல்லா இரிக்கி மகள். மாரில இத எங்க தேடுற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்தது கூகுள் மேப்பில், வெயில் காலத்துப் படம். மாரியில் இந்த வட்டை முழுக்க ஒரே தண்ணீர். சரி, தடத்தை நாலடி உசத்தலாம் என்றேன். வாப்பா சிரித்தார். "உசத்தினா அது றோட்டு இல்ல, அணைக்கட்டு. தண்ணி நிண்டு யார்ட ஊட்டுக்குப் போற? ராவோட ராவா மம்பட்டியோட வந்து வெட்டி உடுவானுகள்." எத்தனை மதகு, எந்த இடத்தில், எவ்வளவு அகலம் என்று அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த அரைமணித்தியாலத்தில் நான் படித்த நீரியல் ஒரு செமஸ்டரில் படித்ததைவிடக் கூட.

வெள்ளத்தைப் பற்றிக் கதைத்தால் எங்கள் பகுதியில் இப்போது யாருக்கும் ஒரே நினைவுதான் வரும். 2024 நவம்பர் 26. காரைதீவு மாவடிப்பள்ளி றோட்டில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தபோது, மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடக்கப் பார்த்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனது. வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட பிள்ளைகள். எல்லாரும் திரும்பி வரவில்லை. நான் என் வரைபடத்தில் சம்மாந்துறைக் கிளையை எவ்வளவு லேசாக ஒரு பச்சைக் கோடாகப் போட்டிருந்தேன் என்று பார்க்க எனக்கே கூசியது. அதை அழித்துவிட்டு, மழைக்காலத்தில் எது மூடும், மூடினால் எந்தச் சந்தியில் அறிவித்தல் போட வேண்டும், மாற்று வழி எது என்று திரும்ப எழுதினேன். பின்னேரத்துக்குப் பிறகு மேற்கு வட்டைப் பக்கம் யானை. பள்ளக்காட்டுக் குப்பைக்குப் பழகின யானைகள் வயலுக்கும் வருகின்றன. தீகவாபிக் கிளைக்கு 'மாலை 5 மணிக்குப் பிறகு பயன்படுத்த வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. இப்படி ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

நிலம் யாருடையது என்பது அடுத்த தலையிடி. வாய்க்கால் கட்டு நீர்ப்பாசனத் திணைக்களம். ஊருக்குள் ஒழுங்கைகள் பிரதேச சபை. நெடுஞ்சாலையைக் கடக்கிற இடம் வீதி அபிவிருத்தி அதிகார சபை. கடலோரம் கரையோரம் பேணல் திணைக்களம். மூன்று மைல் நடந்தால் நாலு கந்தோர். அசைன்மென்டில் இதற்கு ஒரு அட்டவணை போட்டேன், அழகாக வந்தது.

கடைசிப் பகுதி கள ஆய்வு. வீடு வீடாகப் போய், எந்த வழியால் நடக்கிறீர்கள், ஏன், எப்போது என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீடுகளில் தொடங்கினேன். எல்லாரும் தெரிந்தவர்கள், பாதிப்பேர் சொந்தம். தேத்தண்ணி தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள், கேள்விக்கு மட்டும் மழுப்பலாகப் பதில் சொன்னார்கள். ஏழாவது வீட்டு மாமி என் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா.

"இத எங்களுக்கிட்டயா கேக்காய் புள்ள? ஒங்கட வாப்பாட்டக் கேளு."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது.

ராத்தாவின் வளவு மூத்தம்மாவின் காணி. எங்கள் பக்கத்தில் வீடு பொம்புளைப் பிள்ளைக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியும். இருபது பேர்ச். அதன் வடக்கு ஓரத்தால் ஒரு தடம் இருந்தது. மேற்கு வீட்டுச் சனம் அதால் வந்து ஒழுங்கையில் ஏறும், ஸ்கூலுக்கும் பள்ளிக்கும். மறுபக்கமாக வட்டைக்கும் போகும். நானே சின்ன வயதில் அதில் டயர் உருட்டியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முதல் ராத்தாவுக்குக் கல்யாணம் பேசினபோது மாப்பிள்ளை வீட்டார் மதிலும் கேட்டும் போட்ட வீடாகக் கேட்டார்கள். வாப்பா உறுதியைக் காட்டி நில அளவையாளரைக் கொண்டுவந்து அளந்தார். உறுதிப்படி எல்லை தடத்துக்கு அந்தப் பக்கம். ஆறடி மதில், எல்லை முழுக்க. நான் அப்போது ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தடம் மூடினதை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

மாமி சொன்னா, இப்போது பிள்ளைகள் தெற்கால் சுற்றி நெடுஞ்சாலைக்கு வந்துதான் ஸ்கூலுக்குப் போகிறார்கள் என்று. அவவுடைய பேரனை ஒரு மோட்டார் சைக்கிள் தட்டிக் கை முறிந்தது. அது எனக்குத் தெரியும், நான் பார்க்கவும் போனேன், ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றும் கொண்டுபோனேன். அது எங்கள் மதிலால் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. சொந்தம் அறுந்துவிடும் என்று சொல்லவில்லை.

நூலகத்தில் பார்த்தேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு வழியைப் பத்து வருஷம் யாருடைய அனுமதியும் கேட்காமல், தடையில்லாமல், உரிமையோடு பாவித்தால் வழியுரிமை கோரலாம். அவர்கள் இணக்க சபைக்குப் போயிருக்கலாம், வழக்கும் போட்டிருக்கலாம். போகவில்லை.

இனி வெட்கப்படுகிற பகுதி. என் வலையமைப்பில் 17 ஆம் சந்தியிலிருந்து 18 ஆம் சந்திக்குப் போகிற கோடு சரியாக அந்தத் தடத்தால்தான் போனது. அதை வெட்டினால் மேற்குப் பக்கம் முழுக்கத் துண்டாகிவிடும். சமர்ப்பிக்க இரண்டு நாள். நான் அந்தக் கோட்டைத் தொடர்ச்சியாகவே விட்டேன். குறிப்பில் 'ஏற்கனவே பாவனையில் உள்ள பாதை' என்று எழுதினேன். மாமியின் பேப்பரைச் சேர்க்கவில்லை. ஏ கிடைத்தது. உள்ளூர் அறிவை நன்றாகப் பயன்படுத்தியதாகக் கீழே ஒரு பாராட்டுக் குறிப்பு வேறு.

பெறுபேறு வந்த அன்று இரவு சாப்பிடும்போது மூத்தம்மாவிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன், அந்தத் தடத்தால் என்னென்ன போகும் என்று. வாப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

"என்னதான் போகல்ல? நெல்லு மூட போகும். மாடு போகும். கிடுகு வண்டி போகும். மழைக்கு முந்தி விறகு கொண்டு வருவாளுகள். ஒன்ட மூத்தாப்பாட மையித்தும் இதாலதான் போன. மாரி. ஒழுங்கையெல்லாம் வெள்ளம், இது மட்டும் மேடு. சந்தூக்கைத் தூக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆள் போகத்தக்க இடம் இருந்திச்சி." பிறகு வாப்பா பக்கம் திரும்பி, "நீங்களும் தோள் குடுத்தீங்கதானே மருமகன்" என்றா.

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பல்பயன் பாதைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு அமெரிக்க வழிகாட்டி பத்து அடி சொல்கிறது. இரண்டு பக்கமும் சைக்கிள் போய்வர. நான் அதைத்தான் அசைன்மென்டில் எழுதியிருந்தேன். சந்தூக்கைப் பற்றி எழுதவில்லை. அந்த அளவை யோசித்தே இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து வாப்பா திண்ணையில் இருந்தபோது போய்ச் சொன்னேன். மாமி சொன்னதை, பேரன் கையை, சட்டத்தை. நாலடி விட்டால் தொண்ணூறு அடி நீளத்துக்கு ஒன்றேகால் பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும், மிச்சம் பதினெட்டரை பேர்ச் இருக்கும் என்று கணக்கும் காட்டினேன்.

"ஒன்ட கணக்குல காணி மட்டும்தான் இரிக்கி" என்றார். "மதிலுக்கு நான் பட்ட கடன் இரிக்கா? மாப்புள ஊட்டாக்கள்ட குடுத்த வாக்கு இரிக்கா? நாளைக்கி ஒனக்கும் ஒரு ஊடு கட்டணும். அவனுகளும் மதில் கேப்பானுகள்."

எனக்கு மதில் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் அதைச் சொல்வது லேசு. பேச்சுவார்த்தைக்கு உட்காருவது நான் இல்லை, வாப்பா. அதற்குப் பதிலாக மற்றதைச் சொன்னேன்.

"வாப்பா, நான் படத்துல அந்தப் பாதைய தொறந்து கெடக்குற மாதிரித்தான் கீறிக் குடுத்த. அதுக்குத்தான் ஏ."

அவர் என்னைப் பார்த்தார். "பொய்யாக் கீறினயா?"

"ஓம்."

நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. இஷா முடிந்து ஆட்கள் ஒழுங்கையால் போகிற சத்தம் கேட்டது. பிறகு எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

இதை எழுதுகிறபோது இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. ஒன்று, நான் விரிவுரையாளரிடம் போய் 17, 18 சந்திகளுக்கு இடையில் உண்மையில் மதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். யாருடைய மதில் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, புள்ளியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதித் தா என்றார். திருத்தி எழுதுவது முதலில் எழுதினதைவிட இரண்டு மடங்கு நீளமாகிவிட்டது.

மற்றது, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா, மேசன் பாவிக்கிற அளவு நாடாவோடு ராத்தாவின் வளவுக்குப் போனார். வடக்கு மதிலின் இரண்டு மூலையிலும் அளந்தார். நான் சைக்கிளைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"சந்தூக்கு போக எத்தின அடி வேணும் மகள்?"

"அஞ்சு இருந்தா நல்லம்."

"அஞ்சு ஏலா. கிணத்துக் கட்டு இரிக்கி." நாடாவைச் சுருட்டினார். "நாலரைக்கிப் பாப்பம்."

மேசனிடம் கேட்டிருக்கிறாராம். மாரி முடியட்டும், ஈரத்தில் அத்திவாரம் கிண்ட ஏலாது என்று மேசன் சொல்லியிருக்கிறார். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. ராத்தா நாலு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நேற்று மட்டும் வந்து, கேட்டை எந்தப் பக்கம் வைக்கப் போகிறார்கள் என்று உம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாளாம்.